இடது பக்க பிரேக்

செங்கல்பட்டில் கார் ஓட்டுகிறவர்களைப் பிடித்து விசாரித்தால், பலர் துர்காதேவியிடம் திட்டு வாங்கியவர்களாக இருப்பார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் ஒரு வீட்டு வாசலில் இருந்த செம்பருத்திச் செடியைச் சாய்த்தபோது, "அந்தச் செடி உன்ன இன்னாய்யா பண்ணுச்சு?" என்று கேட்டார். பிறகு அவரே இறங்கிப் போய் அந்த வீட்டுக்காரம்மாவிடம் எனக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

மதுராந்தகம் பக்கம் நெல் போடும் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்த பிறகு ஒரு டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வேலையில்லாத மத்தியானங்களில் முதலாளியே அவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். கற்றுக்கொள்ள வந்த பெண்கள் துர்காதான் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்புறம் ஆண்களும் கேட்டார்கள். வயதான முதலாளி மகனோடு பெங்களூருக்குக் கிளம்பியபோது ஸ்கூலை இவர் கையில் விட்டுப் போனார். இப்போது இரண்டு கார். உதவிக்கு மோகன் என்று ஒருவர்.

டிரைவிங் ஸ்கூல் காரில் ஏறியவர்களுக்குத் தெரியும், இடது சீட்டில் உட்காரும் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நாம் எத்தனை தைரியமாக ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாலும், ஆபத்து வந்தால் வண்டியை நிறுத்துவது துர்காவின் இடது கால்தான்.

அவர் கணவர் தீனதயாளன் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். லைசென்ஸுக்கு வருகிற ஊர்க்காரர்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பார். ஆனால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கேட்டால், "ரோட்டுல அவனவன் வர்ற வேகத்தப் பாத்தாலே பேஜாரா கீது" என்பார். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் கவியா போன பொங்கலுக்கு வந்தபோது விடாமல் கிண்டல் செய்தாள். "அம்மா ஊருக்கே கத்துக்குடுக்குது, நீ மட்டும் இன்னும் சைடுல உக்காந்துகினு வர்றியேப்பா." அந்த ரோஷத்தில் ஐம்பதை நெருங்கும் வயதில் எல்.எல்.ஆர். எடுத்தார் தயாளன்.

நல்ல மாணவர்தான். ஆனால் மெதுவோ மெது. சைக்கிளில் போகிறவர்கள் முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். சில வாரங்கள் ஊருக்குள்ளேயே ஓட்டிய பிறகு, ஒரு காலையில் துர்கா அவரைத் திருக்கழுக்குன்றம் சாலைக்குக் கூட்டிப்போனார். காலியான சாலை. தயாளன் முதல்முறையாகத் தானே நான்காவது கியர் போட்டார். "பலே!" என்றார் துர்கா. அந்த நேரத்தில் இடது பக்கக் கிளைச் சாலையிலிருந்து ஒரு தண்ணி லாரி நிற்காமல் வெளியே வந்து, துர்கா உட்கார்ந்திருந்த கதவின் மேல் மோதியது.

தயாளனுக்கு நெற்றியில் ஒரு கீறல். துர்காவுக்கு இடுப்பெலும்பும் இடது தொடையும் கணுக்காலும் உடைந்திருந்தன. காலுக்குப் போகும் நரம்பும் நசுங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் கணவரைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "வண்டிய ஆஃப் பண்ணீங்களா?"

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைகள் நன்றாக முடிந்தன. ஆனால் எலும்பு சேர்ந்ததும் எழுந்து நடந்துவிட முடியாது, தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். படூர் பக்கம் அதற்கென்றே ஒரு இடம் இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் 'மறுவாழ்வு மையம்' என்று போட்டிருந்ததில் ஒரு குழப்பம் நடந்தது. பார்க்க வந்த யாரோ அந்தப் போர்டைப் படமெடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அன்று சாயங்காலமே தயாளனின் தங்கை சுஜாதா போனில் அழுதார்.

"யண்ணா, அண்ணி எப்பலேந்துண்ணா குடிக்குது? எங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

அது நடக்கப் பழகும் இடம், குடியை விடும் இடமில்லை என்று புரியவைப்பதற்குள் தயாளனுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

அங்கே சேர்ந்த புதிதில் துர்கா யாரிடமும் பேசவில்லை. திட்டக்கூட இல்லை. அதுதான் தயாளனைப் பயமுறுத்தியது. சாப்பாடு வந்தால் சாப்பிட்டார், மற்ற நேரத்தில் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார்.

பக்கத்துக் கட்டிலில் சந்திரம்மா இருந்தார். வேடந்தாங்கலை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து ஓய்வு பெற்றவர். சர்ச்சுக்குப் போய்விட்டு மகன் தாவீதோடு பைக்கில் திரும்பும்போது ஒரு கார் இடித்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. செயற்கைக் கால் பொருத்தி நடக்கப் பழக வந்திருந்தார். அந்தக் காலுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'சம்பந்தியம்மா.' "மரியாதயா நடத்துனாத்தான் ஒத்துவருவா. கொஞ்சம் அசந்தா கடிச்சிடுவா" என்பார்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "இன்னாம்மா, வந்ததுலேந்து ஃபேனயே பாத்துகினு கீற? அது ஒண்ணியும் வுழாது. இந்தப் பக்கம் திரும்பு. மனுசங்க கீறோம்."

துர்கா திரும்பினார். பேரிலேயே அம்மா இருந்ததால் தனியாக உறவு சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து "சந்திரம்மா" என்றால் அம்மாதான்.

பிசியோதெரபி ஸ்வாதியின் பொறுப்பு. தஞ்சாவூர்ப் பெண், சின்ன வயது, சிரித்துக்கொண்டே கண்டிப்பாக இருப்பார். அவர் துர்காவை மேடம் என்பார், துர்காவும் அவரை மேடம் என்பார். இருபுறமும் கம்பி போட்ட நடைபாதையில் முதல்முறையாகத் துர்காவை நிறுத்தியபோது, அவர் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலப் பாக்காதீங்க மேடம். எதிர்ல பாருங்க. கால் தானா வரும்."

துர்கா சட்டென்று நிமிர்ந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார். "கியரப் பாக்காத, ரோட்டப் பாருன்னு இத்தினி வருசமா ஊருக்கே சொல்லிகினு இருந்தேன். இப்ப எனக்கே ஒருத்தர் சொல்றாங்க!"

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த சந்திரம்மா, "நல்லா சொல்லுங்க டாக்டரம்மா. நாலு திட்டு திட்டுங்க. அப்பத்தான் வண்டி நவுரும்" என்றார்.

அதற்கப்புறம் அந்த ஹாலில் அமைதி இல்லை. துர்கா மோசமான மாணவி. தரை வழுக்குகிறது என்பார், ஷூ சரியில்லை என்பார், கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்பார். தன்னிடம் படித்தவர்கள் சொன்ன சாக்குகள் எல்லாம் அவர் வாயில் வரிசையாக வந்தன. சந்திரம்மா சும்மா இருக்கவில்லை. மையத்தின் உப்புமாவைப் பொறுக்க முடியாமல் ஒருநாள் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். மறுநாள் நாஸ்தாவில் தாளித்த வாசனை வந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

நடை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. கம்பியிலிருந்து வாக்கர், வாக்கரிலிருந்து கைத்தடி. வராதது ஒன்றே ஒன்று. இடது பாதத்தைக் கீழே அழுத்தச் சொன்னால் அது அசையாது. ஸ்வாதி தன் உள்ளங்கையைப் பாதத்தின் அடியில் வைத்து, "என் கையத் தள்ளுங்க" என்று தினமும் கேட்பார். துர்கா கண்ணை மூடிப் பல்லைக் கடிப்பார். ஒன்றும் நடக்காது.

"நரம்பு வேல செய்யுது மேடம், டெஸ்ட்ல தெரியுது. தசையும் திரும்பி வந்துடுச்சு. நீங்கதான் அத நம்ப மாட்டேங்கறீங்க."

"நம்பறதுக்கு அது இன்னா பேங்கா?" என்றார் துர்கா. ஆனால் முகம் வாடிவிட்டது.

தயாளன் கடையைப் பாதியில் மூடிவிட்டு, திருப்போரூர் வழியாக இரண்டு பஸ் மாறி வருவார். சமைக்கத் தொடங்கியிருந்தார். அவர் கொண்டுவரும் குழம்பைச் சந்திரம்மாவும் வாங்கிச் சுவைத்துவிட்டு, "உப்பு வூட்டுலயே வெச்சிட்டு வந்துட்டியா அண்ணாத்த?" என்பார். தயாளன் சிரிப்பார். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிடும். விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கார் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

ஒரு சாயங்காலம் இருவரும் வெளியே சரிவுப் பாதையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். துர்காதான் ஆரம்பித்தார்.

"இன்னாங்க, எத்தினி நாளைக்கு இப்டியே இருப்பீங்க?"

தயாளன் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் டக்குனு பிரேக் அடிச்சிருந்தா உனுக்கு இப்டி ஆயிருக்காது துர்கா. அந்த லாரி கண்ணுலேந்து போவ மாட்டேங்குது."

"எனக்கும் ஒரு பிரேக் இருந்துச்சுல்ல? என் கால் அது மேலதான இருந்துச்சு? வருசக்கணக்கா அதே வேலயா கீற எனக்கே அடிக்க நேரம் கெடைக்கல. உங்களுக்கு எங்கேந்து கெடைக்கும்? லாரிக்காரன் நிக்காம வந்தான். அவ்ளோதான்."

தயாளன் மெதுவாகக் கேட்டார். "அப்ப உன் மேலயும் தப்பு இல்லல்ல?"

துர்கா அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாட்களில் அவர் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். பிரேக் என் காலடியில் இருந்தது, நான்தான் அடித்திருக்க வேண்டும், கணவரைச் சாகக் கொடுக்க இருந்தேனே என்று. யாரிடமும் சொல்லவில்லை. இப்போது தன் வாயால் சொன்ன நியாயம் தனக்கும் பொருந்தும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்ல" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த முறுக்க இப்டி குடுங்க. மடிச்சி மடிச்சித் தூளாக்கிட்டீங்க" என்றார்.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு தயாளனின் முகம் தெளிந்தது. ஆனால் வரும் நேரம் தவறத் தொடங்கியது. சில நாள் தாமதமாக வந்தார், சில நாள் வரவே இல்லை. வரும்போது சட்டையெல்லாம் வியர்த்திருந்தது. வாழ்க்கை முழுக்கச் செருப்போடு திரிந்தவர் புதிதாக ஷூ போட்டிருந்தார். சந்திரம்மா துர்காவின் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னார்.

"புதுசா ஷூ, அப்பப்ப காணாமப் போறாரு. இன்னான்னு ஒரு கண்ணு வெய்யி."

"அவரா? எங்க வூட்டுக்காரரு கண்ணாடி பாக்கறதே ஷேவிங் பண்ணத்தான்" என்றார் துர்கா. இருந்தாலும் கணவர் அடுத்த முறை வந்தபோது தலையில் டை அடித்திருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மையத்தில் அவ்வப்போது நோயாளிகளை வெளியே அழைத்துப்போவார்கள். கடை, கோயில், கடற்கரை என்று நிஜமான தரையில் நடந்து பார்ப்பதும் பயிற்சிதான். அந்தச் சனிக்கிழமை மாமல்லபுரம். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு வேன். கைத்தடிக்காரர்கள் வீட்டு வண்டியில் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். வேனில் தனக்கு இடம் கேட்கலாம் என்று துர்கா வாசலுக்கு வந்தபோது, அவருடைய ஸ்கூலின் இன்னொரு கார் கேட்டுக்குள் நுழைந்தது. இண்டிகேட்டர் போட்டு, ஒழுங்காகத் திரும்பி, கோட்டுக்குள் நின்றது. ஓட்டிக்கொண்டு வந்தவர் தயாளன்.

துர்கா அப்படியே நின்றுவிட்டார்.

"மோகன்கிட்டதான் கத்துக்கினேன்" என்றார் தயாளன், ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி. "டெஸ்ட்டும் பாஸ் பண்ணிட்டேன். எதிர்ல நம்ம கடதான, தெருவே நின்னு வேடிக்க பாத்துச்சு. எட்டு போட்டு முடிச்சதும் கை தட்டிட்டானுங்க."

"ஷூ?"

"செருப்பு போட்டா ஆக்சிலேட்டர்ல மாட்டும்னு மோகன் சொன்னான்."

சந்திரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஸ்வாதியும் அவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். துர்கா முன்னால் இடது சீட்டில் உட்கார்ந்தார். விபத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்த இடம். கை தானாகக் கைப்பிடியைத் தேடியது. தயாளன் கண்ணாடிகளைச் சரிபார்த்தார், பெல்ட் போட்டாரா என்று மனைவியைப் பார்த்தார், வண்டியை எடுத்தார்.

கேளம்பாக்கம் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவே போய், கோவளத்தில் ஈ.சி.ஆரில் திரும்பினார்கள். முன்பு போல மெதுவாக இல்லை. அளவான வேகம். துர்கா ஒன்றுமே சொல்லவில்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடித் தேடிப் பார்த்தாராம், கிடைக்கவில்லையாம்.

ஒரு சவுக்குத் தோப்பைக் கடக்கும்போது, சாலை நடுவிலிருந்த செடிகளை மேய்ந்துகொண்டிருந்த மாடு ஒன்று திடீரென்று குறுக்கே இறங்கியது. கார் குலுங்கி நின்றது. மாடு அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போனது.

"நான்தான் அடிச்சிட்டனே துர்கா. நீ இன்னாத்துக்கு அடிச்ச?" என்றார் தயாளன்.

பின்சீட்டிலிருந்து ஸ்வாதி முன்னால் பாய்ந்து வந்தார். "மேடம்! எந்தக் கால்ல அடிச்சீங்க?"

"எந்தக் கால்னு இன்னா கேள்வி மேடம்? பிரேக்க எந்தக் கால்ல..." துர்கா பாதியில் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். அவருடைய இடது பாதம் பிரேக்கை அடிவரை அழுத்திக்கொண்டிருந்தது.

முதலில் கத்தியது சந்திரம்மா. "ஏசப்பா! வந்துடுச்சிய்யா கால்!"

தயாளன் வண்டியை ஓரமாக, தோப்பு நிழலில் நிறுத்தினார். "விட்டுட்டு மறுபடி அழுத்துங்க" என்றார் ஸ்வாதி. துர்கா அழுத்தினார். அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினார். பாதம் நடுங்கியது, ஆனால் போனது. "போதும் துர்கா, வலிக்கப் போவுது" என்றார் தயாளன். "பண்ணட்டும் சார், பண்ணட்டும்!" என்று ஸ்வாதி அவர் தோளைத் தட்டினார்.

காரின் பின்விளக்கு அணைந்து அணைந்து எரிவதைப் பார்த்து, சாலையோர இளநீர்க் கடைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "வண்டி ரிப்பேரா சார்?"

"வண்டி நல்லாதான் கீது" என்றார் தயாளன். "எங்க வூட்டம்மா கால்தான் ரிப்பேரா இருந்துச்சு. இப்ப சரியாயிடுச்சு." கடைக்காரர் ஒன்றும் புரியாமல், ஆனால் நல்ல சேதி என்று மட்டும் தெரிந்து, ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

மாமல்லபுரத்து மணலில் நடப்பது சுலபமாக இல்லை. கைத்தடி புதைந்தது. துர்கா ஒருமுறை உட்கார்ந்தே விட்டார், எழுப்பப் போன ஸ்வாதியும் சேர்ந்து விழுந்தார். செயற்கைக் காலில் உப்புத் தண்ணீர் படக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால், அலையோரம் வந்ததும் சந்திரம்மா மணலில் உட்கார்ந்து காலைக் கழற்றித் தயாளன் கையில் கொடுத்தார்.

"சம்பந்தியம்மாவ பத்தரமா வெச்சிகினு இரு அண்ணாத்த. நாங்க குளிச்சிட்டு வந்துடறோம்."

துர்காவும் சந்திரம்மாவும் உட்கார்ந்தபடியே நகர்ந்து, அலை வந்து மோதும் ஈர மணலுக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொரு அலைக்கும் கூச்சல் போட்டார்கள். கரையில் ஒரு காலைக் குழந்தைபோல் மார்போடு அணைத்துக்கொண்டு தயாளன் நின்றார். சுற்றுலா வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஸ்வாதி எடுத்த அந்தப் படம்தான் இப்போது சொந்தக்காரர்கள் குரூப்பின் முகப்புப் படம். மாற்றியவர் சுஜாதா.

துர்கா சில வாரங்களில் வீடு திரும்பினார். இடது காலில் கொஞ்சம் சாய்வு இருக்கிறது, குளிர்காலத்தில் இடுப்பு வலிக்கிறது. தூரம் போனால் கைத்தடி. ஆனால் காலை வகுப்புகளை மறுபடி எடுக்கிறார், திட்டுவதிலும் குறைவில்லை. சொல்லிக்கொடுப்பதில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. யாராவது பயந்து உறைந்துபோனால் இப்போது உடனே கத்துவதில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அவர்கள் பேசும்வரை உட்கார்ந்திருக்கிறார்.

அவருடைய புதிய மாணவி சந்திரம்மா. கார் கம்பெனியில் வேலை செய்யும் தாவீது, கிளட்ச் இல்லாத வண்டி ஒன்றை வாங்கியிருந்தான். அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டலாம் என்பது அவன் எண்ணம். "இதுக்கு வலது கால் மட்டும் போதும்னா, நான் எதுக்குடா பின்னால குந்தணும்?" என்று கேட்டுவிட்டார் அவர். டாக்டர் சான்றிதழும் லைசென்ஸும் வாங்கி, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். நன்றி ஆராதனைக்குத் துர்காவையும் தயாளனையும், அவர்களோடு பழகிவிட்ட என்னையும் அழைத்திருந்தார். நாங்கள் வாசலில் நின்றிருந்தோம்.

வண்டி வந்தது. சர்ச் வாசலில் பாதி வழியை மறித்துக் குறுக்காக நின்றது.

"இதுக்குப் பேரு பார்க்கிங்கா சந்திரம்மா?" என்று துர்கா கைத்தடியை நீட்டினார். "ரிவர்ஸ் எடு. கண்ணாடியப் பாரு."

வெள்ளைச் சட்டையும் பட்டுப் புடவையுமாக ஊரே ஒதுங்கி நின்றது. சந்திரம்மா பின்னால் போனார், முன்னால் வந்தார், மறுபடி பின்னால் போனார். உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டது. வெளியே நின்ற யாரும் உள்ளே போகவில்லை. கடைசியில் வண்டி சுவரோடு நேராக நின்றதும், எட்டிப் பார்க்க வந்த பாதிரியார் உட்பட எல்லாரும் கை தட்டினார்கள்.

மத்தியானம் பிரியாணி. துர்கா இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். திரும்பும்போது தயாளன் ஓட்டினார், நான் பின்சீட்டில் இருந்தேன். மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது முன்னால் பேச்சுச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். இடது சீட்டில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, துர்காதேவி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தயாளன் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். செங்கல்பட்டு வரும்வரை நாங்கள் அவரை எழுப்பவில்லை.